சூனியக்காரி தண்ணீரில் விழாத கதை

படம் முடிந்ததும் திரையில் எழுத்து ஓடும். அதில் சூனியக்காரி என்ற சொல்லுக்கு நேரே என் பெயர் இருக்கிறது. கதையின் முடிவை மாற்றியதும் நான்தான், ஆனால் அது அந்த எழுத்தில் இல்லை. அம்மன் பெயரால் மாற்றியதால் வெளியே சொல்ல வழியில்லாமல் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அம்மனுக்கு அந்தப் படத்தில் ஒரு பங்கும் கிடையாது. அதை இப்போதாவது எழுதிவைப்பதுதான் அவளுக்கு மரியாதை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுகம், தாள் என் முகத்தைப் பார்க்காது. சின்ன வயதிலிருந்தே கதவுக்குப் பின்னால் நின்று பேசிப் பழகியவள் நான். கடல் வந்து வீட்டைக் கொண்டுபோன பிறகு கூடாரத்தில் இருத்தினார்கள். கூடாரத்துக்குக் கதவு இல்லை. அதனால் பேச்சையே குறைத்துக்கொண்டேன்.

அந்தக் கூச்சத்தால் வந்த கரைச்சல்கள் கொஞ்சமல்ல. முகாமில் விதவைகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார்கள், புருஷன் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. என் புருஷன் கடலிலும் போகவில்லை, சண்டையிலும் போகவில்லை. அதற்கெல்லாம் முன்னமே அடுத்த ஊர்க்காரி ஒருத்தியோடு பஸ் ஏறிப் போனவர். இதைப் பத்துப் பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு வரிசையிலும் நில்லாமல் இருந்தேன். கடைசியில் என் மச்சாள் வந்து, "இவட மனிசன் செத்த மாதிரித்தான், எழுதுங்க" என்று சொல்லி என்னை விதவையாக்கிவிட்டாள். மச்சாள் என்றால் அந்த மனிதனின் சொந்தத் தங்கச்சி. அண்ணனை அவள் மன்னிக்கவில்லை. என்னையும் விடவில்லை. எங்கள் இரண்டு பேரின் கூடாரங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, பிறகு கட்டித் தந்த வீடுகளும் அப்படியே அமைந்தன.

மச்சாளுக்கு ஒரே ஒரு மகன். கடல் அவனைத் தொடவில்லை. இரண்டு வருஷம் கழித்து வாகரைப் பக்கம் சண்டை வந்து நாங்கள் மூட்டை முடிச்சோடு ஓடிய நாட்களில், அவன் அரிசி பார்த்து வருகிறேன் என்று சைக்கிளில் போனான். சைக்கிள் வந்தது. யாரோ வேலியில் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். அவன் வரவில்லை. யார் கொண்டுபோனார்கள் என்பதற்கு ஊரில் மூன்று கதை உண்டு, மச்சாள் மூன்றையும் நம்பவில்லை. காண்கிறவர்களையெல்லாம் கேட்பாள். அரசாங்கக் கந்தோர்களில் தேடுகிறோம் என்றார்கள். சாத்திரக்காரன் கிரகம் மாறட்டும் என்றான். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் வருஷத்துக்கு ஒருமுறை சடங்கு நடக்கும். பறைமேளம் அடிக்க அடிக்க அம்மன் சிலர்மேல் ஏறுவாள், ஏறியவர்கள் வேப்பிலையோடு ஆடி, கேட்கிறவர்களுக்குக் கட்டுச் சொல்வார்கள். குறி சொல்வதைத்தான் நாங்கள் கட்டு என்போம். அந்த வேலை வருஷாவருஷம் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற பெரியக்காவுக்குத்தான். ஒரு வருஷம் அவவின் வாயால் அம்மன், "வடக்கே இரிக்கான், வருவான்" என்றாள். அடுத்த வருஷம் தெற்கே என்றாள்.

"அம்மனுக்கே திசை பிடிபடுதில்ல" என்றாள் மச்சாள். அதற்கடுத்த வருஷமும் போய்க் கேட்டாள்.

இனிப் புத்தகத்துக்கு வருகிறேன்.

கடல் வந்த பிறகு முகாமுக்கு இறங்கிய சாமான்களில் பெட்டி பெட்டியாய் ஒரு புத்தகம் வந்தது. வெளிநாட்டுக்காரர் யாரோ எழுதி, இங்கே யாரோ தமிழில் ஆக்கிய பிள்ளைகள் புத்தகம், தலையணைத் தடிப்பு. அதே லொறியில் கம்பளிச் சட்டைகளும் வந்தன. சட்டையை ஒருவரும் போடவில்லை, புத்தகத்தை எல்லாப் பிள்ளைகளும் படித்தார்கள். முகாமில் வேறு என்ன இருந்தது. மூன்றாம் வாசிப்பில் மட்டை கழன்றுபோய், அதை உரப்பை நூலால் தைத்துத் திரும்பவும் படித்தார்கள்.

கதை இதுதான். பனி கொட்டுகிற ஒரு ஊர். ஊருக்குப் பக்கத்தில் ஏரி, ஏரிக்கு நடுவே தீவு, தீவில் ஒரு சூனியக்காரி. நித்திரை கொள்ளாத பிள்ளைகளை அவள் தூக்கிக்கொண்டு போய் மண்பானைக்குள் வைத்து மூடிவிடுவாள். முந்நூறு பானை. எந்தப் பானையில் எந்தப் பிள்ளை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். ஒரு சிறுமி தன் தம்பியைத் தேடிப் போகிறாள். வழியில் நூறு ஓநாய், பேசுகிற ஆந்தை, இன்னும் என்னென்னவோ. கடைசியில் சிறுமி சூனியக்காரியின் வாயாலேயே தம்பி இருக்கிற பானையைச் சொல்லவைத்து, அவளை ஏரிக்குள் தள்ளிவிடுகிறாள். தண்ணீரில் விழுந்ததும் சூனியக்காரி நண்டாகிவிடுவாள்.

எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு குறை. அந்த நண்டைக் கறி வைத்தார்களா இல்லையா என்று எழுதவில்லை.

நானும் படித்தேன். விரலை வைத்து எழுத்தெழுத்தாய்ப் போனதில் ஒரு மாரிக்காலம் முழுக்க எடுத்தது. எனக்கு வேறு குறைகள் இருந்தன. முந்நூறு பிள்ளையை வைத்திருக்கிறவள் அவர்களுக்கு என்ன கொடுத்தாள்? விறகு யார் கொண்டுவந்தது? முகாமில் நானும் மச்சாளும் இருநூறு பேருக்குச் சமைத்தவர்கள். முந்நூறு பிள்ளைக்கு ஒருத்தி தனியே சோறு போடுகிறாள் என்றால் அவளைக் கெட்டவள் என்று எழுதுவதற்கு முன் அந்த எழுத்தாளர் ஒருநாள் குசினியில் நின்று பார்த்திருக்க வேண்டும். மச்சாளிடம் சொன்னேன். "அவங்க ஊரில கடையில பாண் வாங்கிக் குடுத்திரிப்பா" என்றாள்.

சண்டை எல்லா இடத்திலும் முடிந்து, அடுத்த வருஷம் மட்டக்களப்பிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் வந்தார்கள். அந்தப் புத்தகத்தைப் படமாக்கப் போகிறார்களாம், கடலை ஒட்டிய எங்கள் களப்பில், எங்கள் பிள்ளைகளை வைத்து. டைரக்டர் கல்லடியில் பிறந்து வெளிநாட்டில் படித்து வந்த தம்பி. மெலிந்த உடம்பு, பெரிய தொப்பி. பிள்ளைகள் படித்த அந்தப் புத்தகத்தை அவரும் படித்திருந்தார். அவருடையதிலும் மட்டை இல்லை, படமாக்க ஒத்துவராத தாள்களைத் தானே கிழித்து எறிந்திருந்தார். ஏரி களப்பானது. தீவுக்கு, கண்டல் மரம் நிற்கிற ஒரு மண்திட்டு. நூறு ஓநாய்க்கு ஊர் நாய் நாலு. நாலுக்கும் சாம்பல்நிறத் துணி சுற்றிக் கட்டினார்கள். மூன்று நாய் துணியைக் கடித்துக் கிழித்தன. நாலாவது அந்தத் துணியோடேயே பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. ஆந்தை வந்த தாள் அன்றைக்கே கிழிபட்டது.

பனிக்கு என்ன செய்வது என்று இரண்டு நாள் யோசித்தார்கள். பிறகு மூன்று மூடை கோதுமை மா இறக்கி, ஆலமரத்தில் ஏறி நின்று கொட்டினார்கள். கீழே சிறுமி கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நடந்தாள். கமரா ஓடி முடியும்வரை ஊர்ப் பெண்கள் பொறுமையாக நின்றார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். "கட்" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, அரிதட்டும் சுளகுமாய் இறங்கிவிட்டார்கள். அன்றைக்குப் பின்னேரம் எல்லா வீட்டிலும் ரொட்டி. டைரக்டர் தம்பி, காட்சியை இன்னொரு தரம் எடுக்க வேண்டும் என்று தலையில் கைவைத்தார். பனியைத் தின்றுவிட்டார்கள் என்று அவருக்கு யார் சொல்வது. மச்சாள்தான் சொன்னாள், ஒரு தட்டில் ரொட்டியும் சம்பலும் கொண்டுபோய்க் கொடுத்து.

நானும் மச்சாளும் அந்த ஆட்களுக்குச் சமைக்கப் போயிருந்தோம். தென்னோலைக் கிடுகு அடைத்த குசினி, எனக்கு ஏற்ற இடம். மனிதருக்கு முன்னால் பேச மாட்டேனே தவிர, காகத்துக்கு முன்னால் எனக்குக் கூச்சம் கிடையாது. ஒருநாள் பொரித்த மீனைத் தூக்கிய காகத்தை அதன் பரம்பரையோடு சேர்த்து ஏசிக்கொண்டிருந்தேன். கிடுகுக்கு அந்தப் பக்கம் டைரக்டர் தம்பி வந்து நின்றது தெரியாது.

"ஆரிது?" என்று மச்சாளிடம் கேட்டார்.

"எது?"

"இப்ப ஏசினது."

"அதுவா. அவ காகத்துக்கு மட்டும்தான் ஏசுவா. மனிசரோட கதைக்கமாட்டா."

"அக்கா, அந்தக் குரலத்தான் நான் தேடுறன். சூனியக்காரிக்கு. அவவ வரச்சொல்லுங்க."

"வரமாட்டா. என்ன கேக்கணுமோ கிடுகைப் பாத்துக் கேளுங்க."

அவர் கிடுகைப் பார்த்து, "அன்ரி, நடிக்கிறீங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், பிறகு வெளியே வந்து அவர் முகத்தையும் பார்க்க வேண்டும். ஓம் என்பதற்குத் தலையை ஆட்டினால் போதும். ஆட்டினேன்.

"தலையாட்டுறா" என்றாள் மச்சாள். அப்படித்தான் நான் நடிகையானேன். எனக்கு நடந்த முக்கால்வாசிக் காரியங்கள் இப்படித் தலையாட்டி வந்தவைதான், கலியாணம் உட்பட.

நடிப்பு நான் பயந்த அளவுக்கு இல்லை. முகத்தில் கரியும் மாவும் அப்பி, மூக்கில் ஒரு மெழுகு உருண்டையை ஒட்டிவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தால் அது நான் இல்லை. நான் இல்லாதவளுக்கு எனக்கென்ன கூச்சம். ஆறு நாள் பானைகளுக்கு நடுவே நடந்து நடந்து அந்தச் சிறுமியை ஏசினேன், எல்லாம் காகத்துக்குச் சொல்கிற ஏச்சுகளில் கொஞ்சம் நாகரிகமானவை. சிறுமி பாவம், ஒவ்வொரு தரமும் சிரித்துவிடுவாள்.

ஏழாம் நாளைக்குத்தான் கடைசிக் காட்சி. முதல்நாள் பின்னேரம் டைரக்டர் தம்பி வந்து கிடுகைப் பார்த்து விளக்கினார். "நாளைக்கு நீங்க தோணியில நிப்பீங்க அன்ரி. புள்ள பின்னால வந்து தள்ளும். நீங்க விழணும். இடுப்பளவு தண்ணிதான், பயப்பட ஒண்டுமில்ல. தலை மட்டும் ஒருக்காக் கீழ போகணும். ஒரு மூச்சு நேரம்."

நான் தலையை ஆட்டினேன்.

கடல் வந்த காலை என்னை எங்கே தூக்கியது, எங்கே இறக்கியது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. கறுப்புத் தண்ணீருக்குள் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் கிடந்தேன். பிறகு ஒரு தாழம்பற்றைக்குள் சீலையில்லாமல் சிக்கியிருந்தேன். கடல் என்னை விழுங்கிப் பார்த்து, பிடிக்காமல் துப்பிவிட்டது என்று ஊரில் பகிடி சொல்வார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் அதற்குப் பிறகு என் முகத்துக்கு மேலால் தண்ணீர் போனது கிடையாது. கிணற்றடியில் கழுத்தோடு நிறுத்திக்கொள்வேன். முகத்தை ஈரத்துணியால் துடைப்பேன். தலையில் வார்ப்பதென்றால் மச்சாள் என்னைப் பின்னுக்குச் சாய்த்து, பிள்ளைக்கு வார்ப்பதுபோல நெற்றியில் கையை அணைகட்டி வார்ப்பாள். அப்படியிருக்க, ஒரு மூச்சு நேரமாம்.

"விழ ஒண்ணாது எண்டு சொல்லன்கா" என்றாள் மச்சாள், அவர் போனதும்.

"நீ சொல்லு."

"மாட்டன். எல்லாத்துக்கும் நான்தான் சொல்றன். உன்ட புருசன் ஓடினதையும் நான்தான் ஊருக்குச் சொன்னன். இத நீ சொல்லு."

அவளுக்கும் பிடிவாதம் உண்டு. மறுநாள் காலை தேத்தண்ணி கொடுக்கும் சாட்டில் டைரக்டர் தம்பிக்கு முன்னால் போய் நின்றேன். "என்ன அன்ரி?" என்று நிமிர்ந்தார். சொல் தொண்டைவரைக்கும் வந்தது. "சீனி காணுமா, இன்னும் போடவா?" என்று கேட்டேன். காணும் என்றார். இன்னொரு தரமும் போனேன். அப்போதும் சீனி காணும் என்றார்.

இனி நடந்தது யாருடைய பிழை என்று பங்குபோட்டால் எல்லோருக்கும் கொஞ்சம் வரும். உடுப்புப் பார்க்கிற பிள்ளை, கடைசிக் காட்சியில் சூனியக்காரி பயங்கரமாகத் தெரியவேண்டும் என்று எனக்குச் சிவப்புச் சீலை உடுத்தி, தலைமயிரை அவிழ்த்துப் பரத்திவிட்டது. தோணியைச் சோடிக்கப் போனவர்கள் கிட்ட நின்ற மரத்தில் குழை முறித்தார்கள். அது வேம்பு. சூனியக்காரி சாகும்போது பிள்ளைகள் சந்தோஷத்தில் துள்ளுவதற்கு மேளம் வேண்டுமென்று ஊர்ப் பறைமேளக்காரரைக் கூப்பிட்டிருந்தார்கள். சந்தோஷ மேளம் அடியுங்கள் என்றால் அவர்களுக்கு என்ன தெரியும். கைக்குப் பழகிய அடி எதுவோ அதைத்தான் அடித்தார்கள். சடங்கில் அம்மனை அழைக்கிற அடி.

கரையில் ஊரே நின்றது. சூனியக்காரி வந்ததும் கூக்காட்டி ஏசவேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் சிவப்புச் சீலையும் விரித்த தலையுமாய், வேப்பங்குழை கட்டிய தோணியில் ஏறி நின்றேன். மேளம் முழங்கியது. ஒருவரும் ஏசவில்லை. முன்வரிசையில் நின்ற ஒரு கிழவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

எனக்கு அது ஒன்றும் மனதில் ஏறவில்லை. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மண்ணிறத் தண்ணீர். பின்னால் சிறுமி தோணியில் கால் வைத்ததும் அது ஆடியது. சீலை நீரில் விரிந்து மேலே போகப்போகிறதே என்று முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினேன். அப்போது முழங்கால் நடுங்கத் தொடங்கியது. நிறுத்தப் பார்த்தேன், நடுக்கம் தொடைக்கு ஏறி, தோளுக்கு வந்து, பல் கிட்டியது. சொந்தப் பயம், வேறொன்றுமில்லை. ஆனால் கரையில் ஒருத்தி குரவை போட்டாள். பிறகு பத்துப் பேர் போட்டார்கள். மேளக்காரர் அதைக் கேட்டதும் அடியை இறுக்கினார்கள். சிறுமி என்னைத் தள்ளுவதை விட்டுவிட்டுத் தோணியிலிருந்து குதித்துக் கரைக்கு ஓடினாள்.

ஊர் அதை அம்மன் என்றது. நான் இல்லையென்று சொல்லவில்லை. அப்படிச் சொல்வதற்கும் வாயைத் திறக்கத்தானே வேண்டும்.

ஆனால் ஒன்று புரிந்தது. இனி என்னை ஒருவரும் தண்ணீருக்குள் தள்ளப்போவதில்லை. அது விளங்கின நிமிஷமே பயம் போய்விட்டது. நடுக்கம் தானாக நின்றுவிடப் பார்த்தது. நிற்கவிடவில்லை. நானே ஆட்டத் தொடங்கினேன்.

கோயில் பூசாரியார் வேடிக்கை பார்க்க வந்தவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று கும்பிட்டார். "தாயே, நீ ஆர்? உனக்கு என்ன குறை?"

ஆறு நாளாய்ப் பழகின சூனியக்காரிக் குரல் தயாராக இருந்தது. "தண்ணிக்குள்ள தள்ளாதீங்க."

பூசாரியார் டைரக்டர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, தண்ணிக்குள்ள தள்ள ஒண்ணாதாம்."

"ஐயோ ஐயா, தள்ளினாத்தானே கதை முடியும். புத்தகத்தில அப்பிடித்தான் இருக்கு."

பூசாரியார் நியாயமான மனிதர், இரண்டு பக்கமும் கேட்பார். "தாயே, புத்தகத்தில அப்பிடித்தான் இரிக்காம்."

"புத்தகத்த மாத்து."

"மாத்தட்டாம்" என்றார் பூசாரியார்.

"எப்பிடி மாத்துற?" டைரக்டர் தம்பி தொப்பியைக் கழற்றிவிட்டார். கேலியில்லாமல்தான் கேட்டார். அவர் கேட்டதும் எனக்குள்ளே ஒரு மாரிக்காலம் முழுதும் கிடந்த குறைகளெல்லாம் ஏறி வந்தன. அவள் பிள்ளைகளைத் தின்றாளா, இல்லையே. சோறு போட்டவளைத் தள்ளுகிறது என்ன நியாயம். அவள் தோணியை விட்டு இறங்கித் தன் பாட்டில் வீட்டுக்குப் போகட்டும். பிள்ளையைத் தேடிவந்தவர்களே பானையைத் திறந்து பார்க்கட்டும். வாழ்நாளில் நான் அவ்வளவு பேசியது இல்லை. ஊரே கேட்டுக்கொண்டு நின்றது. பூசாரியார் ஒவ்வொன்றாய் எடுத்துச் சொல்ல, டைரக்டர் தம்பி குறித்துக்கொண்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. இந்த வேலையைப் பெரியக்கா ஏன் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அப்போது விளங்கியது.

மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தால் மெதுவாகச் சரிந்து இருந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கையில் மச்சாள் தண்ணீருக்குள் இறங்கி வந்தாள்.

சமையல் சீலையோடு, கையில் அகப்பைகூட இருந்தது. பூசாரியாரைத் தாண்டி வந்து தோணியின் விளிம்பைப் பிடித்தாள். அவள் வாயைத் திறக்க முன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்ட புள்ள எங்க?" என்று கேட்டாள்.

மேளம் நின்றது. அது மேளக்காரரின் பழக்கம், கட்டுக் கேட்கும்போது நிறுத்துவார்கள்.

சொல்ல வேண்டிய பதில் எனக்குத் தெரியும். வருஷாவருஷம் பெரியக்காவின் வாயால் கேட்டதுதான். ஏதாவது ஒரு திசை. இருக்கிறான், வருவான். அந்தக் குரலும் தொண்டையிலேயே இருந்தது. ஒரு சொல் போதும், ஊர் குரவை போடும், மச்சாள் அழுதுகொண்டு கும்பிட்டுப் போவாள், நான் நனையாமல் கரை ஏறலாம். இல்லாவிட்டால் இது அம்மன் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஏமாற்றினதற்குக் கல்லால் எறிந்தாலும் எறிவார்கள். அம்மன் பெயரில் பொய் ஆடினவளை யார் வாசலில் ஏற்றுவார்கள்.

அவள் கையால்தான் நான் ஆறு வருஷமாய்த் தலைக்கு வார்க்கிறேன்.

"எனக்குத் தெரியாது மச்சாள்" என்றேன்.

அது சூனியக்காரிக் குரலும் இல்லை, அம்மனுடையதும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிற என் சொந்தக் குரல். மெழுகு மூக்கு வேறு அந்த நேரம் பார்த்துக் கழன்று தண்ணீருக்குள் விழுந்தது.

மச்சாள் தோணியின் விளிம்பிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "சரி" என்றாள். திரும்பி நடந்து கரையேறிக் குசினிக்குப் போனாள். சோறு அடுப்பில் இருந்தது.

பயந்ததுபோல ஊர் என்னைக் கல்லால் எறியவில்லை. பூசாரியார்தான் காப்பாற்றினார். "மலையேறிட்டா. கேள்வி வாறதுக்கு முதலே தாய் மலையேறிட்டா" என்று கரைக்கு அறிவித்தார். அப்படியென்றால் அம்மன் போய்விட்டாள், பதில் சொன்னது வெறும் மனிசி. எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. பெரியக்கா மட்டும் கிட்ட வந்து, தொழில்காரி இன்னொரு தொழில்காரியிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டா. "எங்கால ஏறின? தலையாலயா, நெஞ்சாலயா?"

"முழங்காலால" என்றேன். உண்மை அதுதான்.

யோசித்தா. "சில பேருக்கு அப்பிடியும் ஏறும்" என்றுவிட்டுப் போனா.

குசினிக்குப் போனேன். மச்சாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வெங்காயத்தை எடுத்து உரித்தேன். மூன்று வெங்காயம் ஆனது.

"அது அம்மன் இல்ல" என்றேன்.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"முதலே தெரியும். அம்மன் வந்தவள் ஆரும் ஆடுறதுக்கு முதல் முந்தானைய இழுத்துச் செருகுவாளா? அவளுக்கு ஏதுகா வெக்கம்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் கேட்ட?"

துருவியதைத் தட்டிக் கொட்டினாள். "அம்மன்ட்டயும் கேட்டாச்சி, ஆமிட்டயும் கேட்டாச்சி, கந்தோர்லயும் கேட்டாச்சி. எல்லாருக்கும் தெரியுது. உன்ட்ட நான் ஒருநாளும் கேக்கல்ல. என்ன சொல்றாய் எண்டு பாப்பமே எண்டு வந்தன்." பிறகு, "பொய் சொல்லியிருந்தியோ, அந்த அகப்பையாலயே போட்டிருப்பன்" என்றாள்.

கமரா அவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து டைரக்டர் தம்பி வந்தார், இந்தத் தடவை கிடுகுக்கு இந்தப் பக்கம். நான் தெரியாது என்று சொல்கிற முகம் கமராவில் விழுந்திருக்கிறதாம், அதைப் படத்தில் வைக்க வேண்டுமாம். சிறுமி தோணிக்குக் கிட்ட வந்து, "என்ட தம்பி எங்க?" என்று கேட்பதைத் தனியாக எடுத்து அதற்கு முன்னால் ஒட்டுவாராம். சூனியக்காரி தெரியாது என்பாள், இறங்கிப் போவாள். பிள்ளை பானைகளை ஒவ்வொன்றாய்த் திறக்கும். அதுதான் முடிவு. மச்சாளுக்குச் சம்மதமா என்று கேட்டார்.

"என்ட கேள்விய எடுத்துப்போட்டு அந்தப் பெட்டையின்ட கேள்விய வைக்கப் போறீங்க."

"ஓம் அக்கா. விருப்பமில்லாட்டி வேணாம்."

"வைங்க மனே. மறுமொழி ரெண்டுக்கும் ஒண்டுதானே."

படத்தைக் கல்லடியில் ஒரு மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் காட்டினார்கள். யன்னலுக்கெல்லாம் கறுப்புச் சீலை போட்டு மூடியிருந்தது. ஊரிலிருந்து ஒரு பஸ் நிறையப் போனோம். எனக்கு முன்வரிசையில் கதிரை வைத்திருந்தார்கள். நான் பின்னுக்குப் போய்த் தூணோடு இருந்தேன், மச்சாளும் வந்து பக்கத்தில் இருந்தாள். மாப் பனி அசல் பனி மாதிரியே விழுந்தது, ஊர்ப் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். கடைசிக் காட்சியில் என் முகம் அந்தத் திரை முழுக்க வந்தது. மூக்கு விழுகிறதையும் விட்டுவைத்திருந்தார். நான் தெரியாது என்றதும் மண்டபம் நிறைய இருந்த பிள்ளைகள் கத்தத் தொடங்கினார்கள்.

"பொய். கிழவிக்குத் தெரியும். புத்தகத்தில தெரியும்."

"பதினேழாம் பானை" என்று ஒரு பிள்ளை எழும்பி நின்று அந்தச் சிறுமிக்குச் சொல்லிக்கொடுத்தது. "பதினேழத் திற."

திரையில் அவள் முதலாம் பானையிலிருந்து தொடங்கினாள். மச்சாள் கடைசிவரை பார்த்தாள். பானைகள் திறபட்டுக்கொண்டிருக்கையில் எழுத்து ஓட ஆரம்பித்துவிட்டது, தம்பி வந்தானா என்று காட்டவில்லை. பிள்ளைகளுக்குச் சரியான கோபம். டைரக்டர் தம்பியை வாசலில் மறித்துக் கேள்வி கேட்டார்கள், அவர் மறுபக்கத்துக் கதவால் போனார்.

அடுத்த சடங்குக்கு மச்சாள் வழக்கம்போலப் போனாள். பெரியக்காவின்மேல் அம்மன் ஏறி, மேற்கே என்றாள். மச்சாள் கும்பிட்டு, வேப்பிலை அடி வாங்கிக்கொண்டு, திருநீறோடு நேரே என் வீட்டுக்கு வந்தாள். நான் கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"இந்தமுற மேக்காம்" என்றாள். கல்லில் இருந்தாள். "நீ என்ன சொல்றாய்?"

"எனக்குத் தெரியாது மச்சாள்."

"ம்" என்றாள். கத்தியை என் கையிலிருந்து வாங்கி மிச்ச மீனை அவள் வெட்டினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சடங்கும் முடிய வருகிறாள். திசையைச் சொல்வாள், பிறகு கேட்பாள். நானும் கதவுக்குப் பின்னால் போகாமல், அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.